பற்றரி இறங்கிய காரை ஜம்பர் போட்டு எடுப்பது எப்படி: திருமலை வாகனக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜம்பர் போடுவது, அதாவது இன்னொரு நல்ல பற்றரியிலிருந்து வயர் மாட்டிக் காரை ஸ்ரார்ட் செய்வது, கால் மணித்தியால வேலை. திருகோணமலைத் தெருவோரத்தில் அது ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக இழுபடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். பொனற்றைத் திறந்தவுடன் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் "தள்ளினா எடுக்கும்" என்பார். இன்னொருவர் "ஸ்ரார்ட்டர் போயிட்டுது" என்பார். மூன்றாமவர் எங்கிருந்தோ ஒரு சோடி வயரோடு வந்து சேருவார். மாட்டிச் சாவியைத் திருப்பினால் டக்கடக்கடக்கென்று சத்தம் மட்டும் வரும். "பற்றரி செத்துப்போச்சு, புதுசு போடுங்கோ" என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கூட்டம் கலையும்.

அந்தத் தீர்ப்பை உடனே நம்ப வேண்டாம். ஜம்பர் போட்டும் கார் எடுக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரையும், கிளிப் கடித்திருக்கும் இடத்தையும், அடுத்ததாக நம்முடைய அவசரத்தையும். பற்றரியின் முறை அதற்குப் பிறகுதான் வரும்.

முதலில், உண்மையில் பற்றரிதானா?

வயர் தேடிப் புறப்பட முன் ஹெட்லைற்றைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

வெளிச்சம் சட்டென்று மங்கி, டக்கடக்கடக்கென்று வேகமாகச் சத்தம் வந்தால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது முனையில் பிடிப்பில்லை. என்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டரான ஸ்ரார்ட்டரின் சுவிச் இழுக்கப் பார்க்கிறது, வோல்ற் விழுந்ததும் விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தச் சத்தம். வெளிச்சம் அப்படியே நிற்க, ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் ஸ்ரார்ட்டர் மோட்டர் பக்கம் பாருங்கள். வெளிச்சம் பளிச்சென்று இருந்தும் சத்தமே இல்லையென்றால், கியர் 'பார்க்'கிலோ 'நியூட்ர'லிலோ ஒழுங்காக நிற்கிறதா, டாஷ்போட்டில் சாவிப் படம் மினுங்குகிறதா என்று பாருங்கள். என்ஜின் வழக்கம்போல நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், ஜம்பரால் ஒரு பிரயோசனமும் இல்லை. எரிபொருளோ பிளக்கோ வேறேதோ சிக்கல்.

மல்ரிமீற்றர் கையில் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. 10.5 அளவில் நின்றால் அது வேறு கதை, கீழே வருகிறேன்.

அடுத்தது முனைகள். காரின் வயரைப் பற்றரி முனையில் இறுக்கியிருக்கும் இரண்டு கிளம்பையும் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். சற்றாவது அசைந்தால் குற்றவாளி அங்கேயே அகப்பட்டுவிட்டான். டச்சுக் குடாப் பக்கமோ உப்புவெளியிலோ உட்துறைமுக வீதியிலோ வாகனத்தைத் திறந்த வெளியில் விடுகிறவர்களுக்கு இது பழகிய விசயம். உப்புக் காற்று போதாதென்று பற்றரியிலிருந்து கசியும் அமில ஆவியும் சேர்ந்து, முனையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குக் கட்டும். வெளியே தெரியும் பொருக்கைவிட மோசமானது உள்ளே இருப்பது. கிளம்பைக் கழற்றி அதன் உள்வாயைப் பாருங்கள். ஈயம் பளபளக்க வேண்டிய இடத்தில் மங்கலான சாம்பல் நிறத் தோல் ஒன்று படிந்திருக்கும். சிறிய லைற் எரிய அது இடம் கொடுக்கும், ஸ்ரார்ட்டர் கேட்கும் நூற்றுக்கணக்கான அம்பியருக்கு இடம் கொடுக்காது. அதனால்தான் "லைற் எரியுது, ஹோர்ன் அடிக்குது, ஆனா எடுக்குதில்லை" என்ற குழப்பம்.

பெரும்பாலான ஜப்பான் கார்களில் 10 நம்பர் ஸ்பனர் ஒன்று போதும். மைனஸை முதலில் கழற்றி, பிளஸை அடுத்துக் கழற்றி, சாண்ட் பேப்பரால் உள்ளும் புறமும் தேய்த்து, பிளஸை முதலில் மாட்டி இறுக்குங்கள். வீட்டில் என்றால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றலாம், பொருக்கு நுரைத்துக் கரைந்துவிடும். பற்றரி மூடிகளுக்குள் மட்டும் அது போகக்கூடாது. இவ்வளவோடு கார் எடுத்து, ஜம்பருக்கு வேலையில்லாமல் போவதும் உண்டு.

யாரிடம் உதவி கேட்பது?

12 வோல்ற் பற்றரி உள்ள, உங்கள் வாகனத்துக்குச் சமமான அல்லது பெரிய கார், வான், பிக்கப். அவ்வளவுதான். ஆனால் ஹபரணை வீதியில் நின்றுகொண்டு கையைக் காட்டினால் முதலில் நிற்பது சீனக்குடாவுக்கு மாவும் சீமெந்தும் ஏற்ற வரும் பெரிய லொறியாகத்தான் இருக்கும். பெரிய லொறி, பஸ், டிப்பர் எல்லாம் 24 வோல்ற். அதிலிருந்து நேரடியாகக் காருக்கு மாட்டினால் காரின் கம்பியூட்டர் பெட்டிகள் கருகலாம், பற்றரியே வெடிக்கலாம். "ரெண்டு பற்றரியில ஒண்டில இருந்து எடுத்துத் தாறன் தம்பி" என்று டிரைவர் நல்ல மனதோடு சொல்லுவார். இரண்டில் ஒன்று லொறியின் இரும்பு உடலைவிட 12 வோல்ற் மேலே நிற்கும். அதில் மாட்டிய பிறகு இரண்டு வாகனத்தின் இரும்பும் எங்காவது முட்டினால் நேரே ஷோர்ட் சேர்க்கிட்தான். விசயம் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மோட்டர் சைக்கிள் பற்றரி 12 வோல்ற்தான், ஆனால் காரைச் சுற்றவைக்கும் பலம் அதற்கில்லை. ஓட்டோவும் திணறும். மாறாக, கடற்கரைப் பக்கம் மாட்டிக்கொண்டால் படகுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். லைற்றுக்கும் ஜீபிஎஸ்ஸுக்கும் வைத்திருக்கும் 12 வோல்ற் பற்றரி சார்ஜோடு இருந்தால், வாகனமே இல்லாமல் அதைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்து ஜம்பர் போடலாம். பெற்றோலிலும் பெரிய பற்றரியிலும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார்க்காரரிடம் கேட்க வேண்டாம். அவற்றின் 12 வோல்ற் பற்றரி சிறியது, இப்படிக் கொடுக்க என்று செய்யப்பட்டதல்ல.

கார் வைத்திருப்பவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுடைய பயம் நியாயமானது.

"அண்ணா, உங்கட காரில ஒருக்கா ஜம்பர் போடலாமா?"

"போடலாம்தான். என்ட பற்றரிக்கு ஒண்டும் ஆகாதே?"

"ஆகாது அண்ணா. உங்கட என்ஜினை ஓடவிட்டுத்தான் எடுப்பம். வயர் மாட்டுறதை நீங்களே பக்கத்தில நிண்டு பாருங்கோ."

இப்படிச் சொன்னால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் காப்புறுதி அட்டையின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பல நிறுவனங்கள் வீதியோர உதவியையும் அதில் சேர்த்திருக்கின்றன. போனில் இடம் சொல்லும்போது எத்தனையாம் கட்டை, பக்கத்தில் எந்தக் கோயில், எந்தப் பள்ளிவாசல் என்று சொல்வதுதான் இங்கே வேகமாக வேலை செய்கிறது.

வயர்: பாதிச் சண்டை இங்கேதான்

சந்தையில் கிடைக்கும் மலிவான ஜம்பர் வயர் ஒன்றின் நுனியை வெட்டிப் பாருங்கள். வெளியே பெருவிரல் மொத்தம். உள்ளே ரப்பருக்கு நடுவில் பென்சில் கூரளவுக்குச் சில இழைகள், அதுவும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கிளிப்பைப் பாருங்கள்: இரண்டு தாடையில் ஒன்றில்தான் வயர் பொருத்தப்பட்டிருக்கும், மற்றது வெறும் பிடிமானம்.

கணக்குப் போட்டால் புரியும். சிறிய பெற்றோல் காரின் ஸ்ரார்ட்டர் 150 அம்பியர் அளவு இழுக்கிறது என்று வைப்போம். 3 மீற்றர் நீளமுள்ள 16 சதுர மில்லிமீற்றர் சுத்தச் செம்பு வயர் ஒரு சோடியில், போகவும் வரவுமாக ஏறக்குறைய 1 வோல்ற் தொலையும். அதே நீளம் 6 சதுர மில்லிமீற்றர் என்றால் தொலைவது 2.6 வோல்ற். அலுமினியம் என்றால் இன்னும் கூட. அந்தப் பக்கம் 13.5 வோல்ற்றில் புறப்பட்டது உங்கள் ஸ்ரார்ட்டருக்கு வந்து சேரும்போது 10 கூட இருக்காது. கிளிப் சரியாகக் கடிக்காவிட்டால் அதுவும் இல்லை.

ஆகவே வாங்கும்போது வெளி மொத்தத்தைப் பார்க்காமல் உள்ளே எத்தனை சதுர மில்லிமீற்றர், செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். பெற்றோல் காருக்கு 16, டீசல் வானுக்கு 25. நீளம் கூடக்கூட இழப்பும் கூடும், இரண்டரை மீற்றரிலிருந்து மூன்று மீற்றர் போதும். கடையில் நல்லது இல்லையென்றால் வெல்டிங் கேபிளில் நல்ல கிளிப் போட்டுச் செய்விக்கலாம். கராஜ்காரர் பலர் வைத்திருப்பது அதைத்தான்.

இரவல் வயர் மெல்லியதாகத்தான் கிடைத்தது என்றாலும் வழி இருக்கிறது: அதிக நேரம் காத்திருப்பது. மெல்லிய வயரால் 150 அம்பியர் கடத்த முடியாது. ஆனால் 10, 15 அம்பியரை நிதானமாகக் கடத்தி உங்கள் பற்றரியை ஓரளவு நிரப்ப முடியும். ஸ்ரார்ட் பண்ணும்போது மீதிப் பலத்தை உங்கள் பற்றரியே கொடுத்துவிடும்.

மாட்டும் முறை

வாகனங்களை வயர் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள், ஒன்றோடொன்று முட்டக்கூடாது. இரண்டிலும் சாவியை நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, லைற், ஏசி, செற், போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கையில் காப்பு, மோதிரம், கழுத்தில் தொங்கும் சங்கிலி இருந்தால் கழற்றி வையுங்கள். ஸ்பனரைவிட அவை ஆபத்தானவை. வேடிக்கை பார்க்கும் ஐயா சுருட்டோ பீடியோ பிடித்தபடி பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தால் மரியாதையாக ஒதுக்கிவிடுங்கள். பற்றரியிலிருந்து வருவது ஐதரசன் வாயு. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும்.

பற்றரியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வெடிப்பு, கசிவு, பக்கங்கள் புடைத்திருத்தல், கூழ்முட்டை மணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜம்பர் வேண்டாம்.

பிளஸ் எது என்பதில் அனுமானம் கூடாது. ஜப்பான் அளவுப் பற்றரிகளில் 40பி19எல், 40பி19ஆர் என்று கடைசி எழுத்து மட்டும் மாறி, முனைகள் இடம் மாறிய சோடிகள் உண்டு. "எங்கட காரில வலப்பக்கம்தான் பிளஸ்" என்பது அடுத்த காருக்குப் பொருந்தாது. சிவப்பு மூடியையும் நம்ப வேண்டாம், அதை யாராவது மாற்றிப் போட்டிருக்கலாம். பற்றரியின் மேல் அச்சிட்ட குறியைப் பாருங்கள். அது அழிந்திருந்தால் முனைகளின் பருமனைப் பாருங்கள், பருத்தது பிளஸ்.

1. சிவப்பு வயரின் ஒரு கிளிப்பை இறங்கிய பற்றரியின் பிளஸில் மாட்டுங்கள்.

2. சிவப்பின் மறுமுனையை நல்ல பற்றரியின் பிளஸில்.

3. கறுப்பு வயரின் ஒரு முனையை நல்ல பற்றரியின் மைனஸில்.

4. கறுப்பின் கடைசி முனையை இறங்கிய காரின் என்ஜினில், பற்றரியிலிருந்து தள்ளியிருக்கும் பூச்சில்லாத இரும்பில். கடைசியாக மாட்டும் இடத்தில் ஒரு தீப்பொறி வரத்தான் செய்யும். அது வாயு நிற்கும் பற்றரிக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இந்த ஒழுங்கு.

5. உதவ வந்த காரை ஸ்ரார்ட் செய்து, அக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி 1,500 முதல் 2,000 சுற்றில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம்.

6. இப்போது உங்கள் காரை ஸ்ரார்ட் செய்யுங்கள். 10 செக்கனுக்கு மேல் சுற்றவிட வேண்டாம். எடுக்காவிட்டால் ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி.

7. எடுத்ததும் உடனே வயரைப் பிடுங்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, ஏசி புளோவரை முழு வேகத்தில் போடுங்கள். கழற்றும்போது வரும் வோல்ற் துள்ளலை அது உள்வாங்கிக்கொள்ளும். மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்: என்ஜினில் உள்ள கறுப்பு, மற்றக் கறுப்பு, நல்ல பற்றரியின் சிவப்பு, கடைசியாக உங்கள் பற்றரியின் சிவப்பு. கழற்றிய கிளிப்புகள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது.

நாலாவது படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்தக் கால ஜப்பான் கார்களின் பொனற்றைத் திறந்தால் எல்லாம் பிளாஸ்டிக் மூடி. இரும்பு போலத் தெரிவதும் பெயின்ற் பூசியது. என்ஜினைத் தூக்குவதற்கென்று வைத்த கொளுக்கி, என்ஜின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டனேட்டரைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட், இவை நல்ல இடங்கள். மாட்டிய பிறகு கிளிப்பைப் பிடித்து இடதும் வலதுமாகத் திருகுங்கள். பல் இரும்பில் கீறி ஏறுவது கையில் தெரியும். மேலே படிந்திருக்கும் துருவும் அழுக்கும் கிழிபடும்வரை திருக வேண்டும். பெற்றோல் குழாய்ப் பக்கமோ, சுழலும் பெல்ட், காற்றாடிப் பக்கமோ வயர் கிடக்கக்கூடாது.

அமிலம் கண்ணில் பட்டுவிட்டால் கார் கிடக்கட்டும். ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் கண்ணைக் கழுவியபடி, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

எல்லாம் சரியாக மாட்டியும் எடுக்கவில்லையா?

எரிச்சல் வரும் இடம் இது. கூட்டத்தின் சத்தமும் கூடும், உதவ வந்தவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவார். இந்த நேரத்தில் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்புவதுதான் மிக மோசமான காரியம். ஒவ்வொரு திருப்பலும் சேர்ந்த கொஞ்சச் சார்ஜையும் தின்றுவிடுகிறது.

என்ஜினை நிறுத்தி, நாலு கிளிப்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் பிடிப்பு மோசம். அதைக் கழற்றி, இடத்தைச் சுரண்டி, வேறு கோணத்தில் கடிக்க விடுங்கள். வயர் முழுக்கச் சுட்டால் வயர் மெல்லியது, இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் சார்ஜாக விடுவதைத் தவிர வழியில்லை.

மீற்றர் இருந்தால் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு இரண்டு பற்றரியிலும் பாருங்கள். உதவும் பற்றரி 12.5இல் நிற்க, உங்களுடையது 8க்கு விழுந்தால் இடையில் இருக்கும் வயரும் கிளிப்பும்தான் தின்கின்றன. இரண்டுமே சேர்ந்து விழுந்தால் உதவும் வாகனத்துக்குப் பலம் போதாது. இரண்டும் நல்ல வோல்ற்றில் நிற்க ஸ்ரார்ட்டர் மட்டும் "டக்" என்றால், வயரைச் சுருட்டி வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு நேரம் விட்டாலும், வயரைக் கழற்றியதும் 10.5க்கே திரும்பி வரும் பற்றரி உண்டு. பற்றரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ற். ஒன்று உள்ளே ஷோர்ட் ஆகிவிட்டால் மிஞ்சுவது ஐந்து, அதாவது 10.5. அப்போதுதான் கூட்டத்தின் தீர்ப்பு சரி: புதிசு போட வேண்டியதுதான்.

இன்னொரு வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நல்ல பற்றரியைக் கழற்றிப் போட்டு ஸ்ரார்ட் செய்து, என்ஜின் ஓடும்போதே அதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுவது. 1980களின் காரில் அது நடந்திருக்கும். இப்போதைய காரில் ஓடும்போது பற்றரியைக் கழற்றினால் ஓல்டனேட்டரின் வோல்ற் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். ஓல்டனேட்டரின் டயோட்டும் என்ஜின் கம்பியூட்டரும் போனால் அந்தச் செலவில் பல பற்றரி வாங்கலாம். எந்த அனுபவசாலி சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு

பிரியஸ், அக்குவா போன்றவற்றில் என்ஜினைச் சுற்றுவது பெரிய ஹைபிரிட் பற்றரி. சிறிய 12 வோல்ற் பற்றரியின் வேலை கம்பியூட்டர்களை எழுப்புவது மட்டும். ஆகவே இங்கே ஸ்ரார்ட்டர் அளவுக்குக் கரண்ட் தேவையில்லை. மெல்லிய இரவல் வயரும் இதற்குப் போதும், மேலே வேண்டாம் என்று ஒதுக்கிய ஓட்டோப் பற்றரியும் இதை எழுப்பிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில். 12 வோல்ற் செத்தால் ரிமோட்டும் வேலை செய்யாது. அதற்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை இழுத்தெடுத்துத்தான் டிரைவர் கதவைத் திறக்க வேண்டும். பல பிரியஸ் மொடல்களில் பற்றரி இருப்பது பின்னால், டிக்கியோ மின்சாரத்தில் திறப்பது. அதனால்தான் பொனற்றுக்குக் கீழே, பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட முனை ஒன்றை வைத்திருக்கிறார்கள். சிவப்புக் கிளிப் அதில், கறுப்பு என்ஜின் இரும்பில். வேறு மொடல்களில் இந்த முனை எங்கே என்று இன்றைக்கே கையேட்டில் பார்த்து வையுங்கள். இரவில், மழையில், கந்தளாய்க் காட்டோரத்தில் நின்று தேடுகிற விசயமல்ல அது. டாஷ்போட்டில் 'ரெடி' என்று வந்தால் வேலை முடிந்தது, என்ஜின் சத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே கூடாது, அவை உயர் வோல்ற்.

தள்ளி எடுக்கலாமா?

மனுவல் கியர் என்றால் மட்டும். சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டு விடுபட்டதை உறுதி செய்து, இரண்டாவது கியரில் கிளச்சை மிதித்துப் பிடித்து, கார் ஓடும் வேகத்துக்கு வந்ததும் கிளச்சைச் சட்டென்று விட வேண்டும். உவர்மலை இறக்கத்தில் நிறுத்தியவர்களுக்கு இது சுலபம். ஆனால் டாஷ்போட்டில் ஒரு லைற்கூட எரியாத அளவுக்குப் பற்றரி இறங்கியிருந்தால் தள்ளுவதில் பயனில்லை, பெற்றோல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட் வேண்டும். ஓட்டோமற்றிக் கியர் காரை எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் எடுக்காது. ஓரத்துக்குத் தள்ளுவதற்கே 'பார்க்'கிலிருந்து கியர் வராது. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் சிறிய மூடி அல்லது பட்டன் இருக்கும், அதை அழுத்தியபடி மாற்றலாம்.

எடுத்த பிறகு

நிறுத்தாதீர்கள். கடைக்குப் போய் "ஒரு நிமிசம்" என்று என்ஜினை நிறுத்தியவர் கதை ஊருக்கு ஊர் உண்டு. வீட்டு வாசலில் ஓடவிட்டு வைப்பதாலும் பெரிய பலனில்லை, குறைந்த சுற்றில் ஓல்டனேட்டர் கொடுப்பது கொஞ்சம். நகரத்திலிருந்து நிலாவெளி வரை போய்த் திரும்புங்கள். அப்போதும் பற்றரி நிரம்பியிருக்காது, அடுத்த முறை எடுக்குமளவுக்கு வந்திருக்கும். முழுதாக நிரப்ப வேண்டுமென்றால் கடையில் கொடுத்து இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் போடச் சொல்லுங்கள்: 40 அம்பியர் மணிப் பற்றரிக்கு (ஓர் அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அம்பியர் மணி) 4 அம்பியர் அளவு. "ரெண்டு மணித்தியாலத்தில போட்டுத் தாறன்" என்பவர் பற்றரியைச் சுடவைத்துத் தருவார்.

என்ஜின் ஓடும்போது மீற்றர் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழே என்றால் பற்றரியில் பழி போடாமல் ஓல்டனேட்டரைப் பாருங்கள். என்ஜின் சற்று நேரம் ஏறி இறங்கி ஓடுவதும், பவர் கண்ணாடி ஒரே தொடுகையில் மூடாததும், மணிக்கூடு 12இல் நிற்பதும் வழமை. கம்பியூட்டர் பழையதை மறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் இறங்கியது?

ஹெட்லைற்றை மறந்துவிட்டால் இரண்டு 55 வாற் பல்ப் சேர்ந்து மணித்தியாலத்துக்கு 9 அம்பியர் மணி தின்னும். கோணேசர் கோயிலுக்குப் போய், சாமி கும்பிட்டு, கோட்டைக்குள் மான்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் படமெடுத்துவிட்டு வருவதற்குள் பழைய பற்றரி படுத்துவிடும். உள் கூரை லைற் 5 வாற்தான். ஆனால் ஒரு நாள் முழுக்க எரிந்தால் 10 அம்பியர் மணி போய்விடும். ஒன்றையும் மறக்காவிட்டாலும் அலாரமும் கம்பியூட்டரும் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். 50 மில்லி அம்பியர் வரை சாதாரணம். அதுவே நாளுக்கு 1.2 அம்பியர் மணி. இரண்டு வாரம் நின்றால் 35 அம்பியர் மணிப் பற்றரியில் பாதி காலி. 2022இல் எரிபொருள் இல்லாமல் கார்கள் நின்றபோது ஜம்பர் வயருக்கு அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். டாஷ் கமரா, ஜீபிஎஸ் டிராக்கர் என்று பிறகு பூட்டியவை இருந்தால் அது இன்னும் விரைவில் நடக்கும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பனியையும் உறைபனியையும் பற்றிப் பேசும். நமக்கு எதிரி வெயில். வெப்பம் 10 பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் பொதுக் கணக்கு. ஆடியில் கச்சான் வீசும் நாளில் பொனற்றுக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் வற்றும், ஈயத் தட்டுகள் அரிபடும். அந்தக் கோடையில் பழுதானது வெளியே தெரிவது பெரும்பாலும் மாரி மழை தொடங்கி, வைப்பரும் லைற்றும் ஏசியும் சேர்ந்து ஓடும்போதுதான். மூடி திறக்கும் பற்றரி என்றால் மாதம் ஒருமுறை தட்டு மூடுமளவுக்கு வடிநீர் விடுங்கள், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். முனையைத் துடைத்துக் கிறீஸோ வசலினோ பூசினால் உப்புக் காற்றுக்கு அது தடை.

இன்னொரு வாகனம் இல்லாமலே ஜம்பர் போட உதவும் கையடக்கப் பற்றரியான சின்ன லிதியம் ஜம்ப் ஸ்ரார்ட்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்ல யோசனை, தனியாகப் பயணம் போகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அதைக் காருக்குள் விட்டுவிட்டு உப்புவெளி வெயிலில் நாள் முழுக்க நிறுத்தக்கூடாது. பயணம் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற நாளில் வீட்டில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

புதுப் பற்றரிதான் என்று முடிவானால், கடையில் உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். ஒரு வருடம் தட்டில் கிடந்ததை விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். எல், ஆர் எழுத்து பழையதோடு பொருந்த வேண்டும். ஹைபிரிட்டுக்கு என்றால் காற்றுக் குழாய் பொருத்தும் வகைதான் வேண்டும், அந்தப் பற்றரி இருப்பது ஆட்கள் இருக்கும் அறைக்குள். பழையதைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். அதிலுள்ள ஈயத்துக்கு விலை உண்டு, கடைக்காரர் கணக்கில் கழித்துத் தருவார். கேட்டால்தான் தருவார்.